மச்சான் கொடுத்த வண்டியின் நீலப் புகை

சிங்காநல்லூர்
18 ஜூன் 2025

மாப்பிள்ளை அன்புமணிக்கு,

ஐயாசாமி எழுதுவது. இந்தக் காலத்தில் தபாலா என்று சிரிக்க வேண்டாம். போனில் நாம் மூன்று தடவை பேசிப் பார்த்தோம். மூன்று தடவையும் யார் முதலில் கட் செய்வது என்பதில்தான் முடிந்தது. எழுதினால் கை மெதுவாகப் போகிறது, புத்திக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. நீங்களும் எழுதுங்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று பின்னால் இருவரும் சொல்ல முடியாது.

தங்கை மகள் கயல்விழியின் நிச்சயதார்த்தத்தன்று நான் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். ஐஸ்கிரீம் வாங்கிவர நீங்கள் புல்லட்டை உதைத்துக் கிளப்பி, பந்தல் ஓரமாகத் திருப்பினீர்கள். பந்தல் முழுக்க நீலப் புகை. சூலூரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு இருமினார்கள். மாப்பிள்ளைப் பையன் கதிரின் பெரியப்பா, "ஏனுங்க, கொசு மருந்து அடிக்கிறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு, "எங்க மச்சான் தலைல கட்டுன வண்டிங்க. சொந்தத்துலயே ஏமாத்திப்போட்டாரு" என்றீர்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தேன்.

மாப்பிள்ளை, நம் இரண்டு குடும்பமும் அடுத்தவர் காடு தோட்டத்தில் வேலை செய்தவை. அதிலிருந்து கிளம்பி வந்து, இருபத்தாறு வருஷமாகப் பழைய வண்டி வாங்கி விற்கிறேன். பழைய வண்டிக்காரன் என்றாலே ஏமாற்றுக்காரன் என்று ஊர் நினைக்கும். அப்படி இல்லை என்று பெயர் வாங்கத்தான் இத்தனை வருஷம் ஆனது. நீங்கள் ஒரே வாக்கியத்தில் அதைக் கலைத்துவிட்டீர்கள், அதுவும் நாளைக்கு உறவாகப் போகிறவர்கள் முன்னால்.

வண்டி நல்ல வண்டி. கடையில் என்னோடு இருக்கும் மெக்கானிக் சாஜித் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் உங்களுக்குக் கொடுத்தேன். ஆகையால் அந்த வார்த்தையை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். என்னிடம் அல்ல, சூலூர்க்காரர்களிடம். சாமிக்கு அடுத்தபடியாகத் தாய்மாமனுக்குத்தான் கல்யாணப் பத்திரிகை வைப்பீர்கள். ஆடி பிறந்துவிட்டால் வைக்கமாட்டீர்கள். அதற்குள் வைக்க வந்தாலும், அந்த வார்த்தை அப்படியே நிற்கும்போது நான் கை நீட்டி வாங்கமாட்டேன்.

இன்னொன்று. எஞ்சினைப் பிரிக்கப் போவதாகத் தங்கை பாவாத்தாள் சொன்னாள். தயவுசெய்து பிரிக்காதீர்கள். ஐம்பது வருஷத்து எஞ்சின், உள்ளே இன்னும் கம்பெனி பிஸ்டன். சிலிண்டரை ஒரு தடவை கடைந்துவிட்டால் பழைய அளவு திரும்பி வராது. புகை என்ன நிறம், எப்போது வருகிறது என்று மட்டும் எழுதுங்கள். சாஜித் கேட்கிறான்.

ஐயாசாமி


அன்னூர்
21 ஜூன் 2025

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. பாவாத்தாளிடம்தான் முதலில் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்து அரிசி டப்பாவில் போட்டுவிட்டாள். நாம் இருவரும் முடிவுக்கு வரும்வரை வண்டி யாருக்கும் இல்லையாம். ஆகவே எஞ்சின் பிரிக்கப்படவில்லை. நிம்மதியாக இருங்கள்.

நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்தது எனக்கும் வலித்தது. ஆனால் என் பக்கத்தையும் பாருங்கள். நான் சொட்டுநீர்க் குழாய் போடுகிறவன். தண்ணீர் தெரியும், எஞ்சின் தெரியாது. தெரியாததால்தான் ஊரில் நாலு பேர் காட்டிய வண்டியை விட்டுவிட்டு உங்களிடம் வாங்கினேன். நீங்கள் வாங்கின விலைக்கே கொடுத்தீர்கள், அதை இல்லையென்று சொல்லவில்லை. பங்குனியில் வந்தபோது புகை இல்லை. சித்திரை பாதியில் ஆரம்பித்தது. பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி முன்னால் இருமிக்கொண்டு நிற்கிறேன், அவர்கள் சிரிக்கிறார்கள். வாய் முந்திவிட்டது.

இங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். இரண்டு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டு, "சிலிண்டர் போர் தேஞ்சுபோச்சுங்க, கழட்டிக் கடைஞ்சு புது பிஸ்டன் போட்டர்லாமுங்க" என்றார். அவர் சொன்னது சரியென்றால் நான் சொன்னதும் சரிதானே. பிறகு எதற்காகச் சூலூரில் போய்த் தலை குனிய வேண்டும்?

நீங்கள் கேட்டதற்குப் பதில்: புகை நீலம். காலையில் கிளப்பும்போது கொஞ்சம்தான். மூன்று கிலோமீட்டர் போன பிறகு கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடே தெரியாது. முந்நூறு கிலோமீட்டருக்கு அரை லிட்டர் எண்ணெய் குறைந்திருக்கிறது.

கயல் ஒன்று கேட்கச் சொன்னாள். எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். "முகூர்த்தப் பட்டு மாமாதான எடுக்கோணும், ஜாக்கெட் தெக்கறவங்க தேதி கேக்கறாங்க, எப்ப எடுப்பாருன்னு கேட்டுச் சொல்லுங்கப்பா" என்றாள்.

அன்புமணி


சிங்காநல்லூர்
24 ஜூன் 2025

மாப்பிள்ளைக்கு,

கயல் கேட்டதை இரண்டு தடவை படித்தேன். அதற்குப் பதில் உங்கள் கையில் இருக்கிறது, என் கையில் இல்லை. முதலில் வண்டியைப் பார்ப்போம்.

சாஜித் சொன்னதை எழுதுகிறேன். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது. காலையில் மட்டும் வெள்ளையாக வந்து போனால் ஈரம். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, அதில் சந்தேகமில்லை. எண்ணெய் எரிகிற இடத்துக்கு எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் கீழேயிருந்து ஏறும். வால்வு கைடு தேய்ந்தால் மேலேயிருந்து இறங்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உங்கள் ஊர் மெக்கானிக் இரண்டு முறுக்கில் கண்டுபிடித்துவிட்டார் என்றால், டாக்டர் வாசலில் நிற்கிறவனின் நிழலைப் பார்த்து ஆபரேஷன் எழுதிக் கொடுத்த மாதிரி.

சாவியை அரிசியிலிருந்து எடுங்கள். பாவாத்தாளிடம் அண்ணன் சொன்னதாகச் சொல்லுங்கள், கொடுப்பாள். வண்டி சூடானதும் நிறுத்திவிட்டு, கிக்கரை மெதுவாக அமுக்குங்கள். ஓரிடத்தில் கெட்டியாக நிற்கும். அங்கே உங்கள் முழு எடையையும் போட்டு ஏறி நில்லுங்கள். ரிங் போயிருந்தால் கிக்கர் உடனே வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இறங்காமல் தாங்கினால் ரிங் உயிரோடு இருக்கிறது. அடுத்ததாக, ஒரு நீளமான சரிவில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடி இறங்கி, கீழே வந்ததும் திடீரென்று முறுக்குங்கள். அந்த நொடியில் ஒரு பெரிய குப்பென்ற புகை வந்தால் கைடு. பிளக்கையும் கழற்றிப் பார்த்து எழுதுங்கள். எண்ணெய் அளவையும் பாருங்கள்.

வியாபாரி என்பதால் வெளிப்படையாகவே சொல்கிறேன். கிக்கர் சட்டென்று இறங்கிவிட்டது என்று நீங்கள் எழுதினால் நான் தோற்றேன். அன்றைக்கு நீங்கள் சொன்னது உண்மையாகிவிடும். தேய்ந்த எஞ்சினை நல்ல எஞ்சின் என்று சொல்லித் தங்கை வீட்டில் கொடுத்தவன் எந்த மூஞ்சியோடு சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு வருவான்? மறைக்காமல் எழுதுங்கள். எனக்காகக் கூட்டிக் குறைத்து எழுத வேண்டாம்.

ஐயாசாமி


அன்னூர்
28 ஜூன் 2025

மச்சானுக்கு,

கூட்டவில்லை, குறைக்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து கிக்கர்மேல் ஏறி நின்றேன். என் எடை எழுபத்தெட்டு. பாவாத்தாளை எண்ணச் சொன்னேன். பதினொன்று வரை எண்ணினாள், அதன் பிறகுதான் மெல்ல இறங்கியது. எதிர்வீட்டு நாச்சியம்மாள் அக்கா பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, வண்டி மேல நின்னு தவம் பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு சரிவு இருக்கிறது. நீங்கள் சொன்னபடி மூடிக்கொண்டு இறங்கி முறுக்கினேன். தனியாகக் குப்பென்று ஒன்றும் வரவில்லை. வழக்கமாக வரும் புகைதான். பிளக் முனை கறுப்பாக, ஈரமாக, எண்ணெயில் முக்கியெடுத்த மாதிரி இருந்தது.

இதற்கு முன்னால் ஒழுகாத இடத்திலெல்லாம் இப்போது எண்ணெய் கசிகிறது. மேலே மூடி ஓரத்தில், எஞ்சினில் செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரத்தின் பக்கத்தில். எண்ணெய் அளவு பார்க்க மூடியைத் திறந்தேன். சோடாப் பாட்டிலைத் திறந்த மாதிரிப் புஸ்ஸென்று காற்று வந்து சட்டையெல்லாம் எண்ணெய். நல்லவேளை, பழைய சட்டை.

நீங்கள் தோற்றீர்களா, நான் தோற்றேனா, எனக்குப் புரியவில்லை. ரிங்கும் நன்றாக இருக்கிறது, கைடும் நன்றாக இருக்கிறது என்றால் புகை எங்கிருந்து வருகிறது? மெக்கானிக் திங்கட்கிழமை ஸ்பேனரோடு வருகிறேன் என்கிறார். ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குமேல் என்னால் முடியாது. கல்யாண வேலைக்கு வண்டி வேண்டும்.

ஆடிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. உங்கள் பெயரைத் தாய்மாமன் என்று முதலில்தான் போட்டிருக்கிறது. கட்டு பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது.

அன்புமணி


சிங்காநல்லூர்
1 ஜூலை 2025

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைச் சாஜித்துக்கு வாசித்துக் காட்டினேன். கிக்கர் பதினொன்று வரை தாங்கியது என்றதும் தலையாட்டினான். புஸ்ஸென்று வந்த இடத்தில் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டான். "அண்ணா, அந்த வரிய இன்னொருக்காப் படிங்க" என்றான். படித்தேன். "எஞ்சினுக்கு மூச்சு முட்டுதுங்ணா. மூக்க யாரோ அடைச்சுப்போட்டாங்க" என்றான்.

அவன் சொல்வது இதுதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது அதற்கடியில் இருக்கும் காற்று எங்கேயாவது போக வேண்டும். அதற்காக எஞ்சினின் இடது பக்கத்திலிருந்து ஒரு சின்ன ரப்பர் குழாய் கிளம்பி, பின்னால் செயினுக்கு மேலே வந்து முடியும். அதுதான் மூக்கு. காற்றோடு சேர்ந்து நாலு சொட்டு எண்ணெயும் அதில் வரும், வரத்தான் வேண்டும். அந்த வழி அடைபட்டால் உள்ளே காற்று அமுங்கி, எண்ணெயைத் தள்ளிக்கொண்டு நல்ல ரிங்கையும் தாண்டி மேலே ஏறும். பொருத்து இருக்கிற இடத்திலெல்லாம் கசியும். மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று வரும். நீங்கள் எழுதிய மூன்றும் அதுதான்.

உடனே போய் அந்தக் குழாயைப் பாருங்கள். மண் அடைத்திருக்கலாம், குளவி கூடு கட்டியிருக்கலாம், ரப்பர் நசுங்கியிருக்கலாம். கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். நான் இங்கே சரியாகத் தூங்குவதில்லை. வண்டிக்காக இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஐயாசாமி


அன்னூர்
4 ஜூலை 2025

மச்சானுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

மண் இல்லை. குளவி இல்லை. அடைத்தது நான்.

சித்திரையில் வாசலுக்கு வெள்ளை டைல்ஸ் போட்டோமல்லவா. வண்டியை நிறுத்தினால் அந்தக் குழாயிலிருந்து இரண்டு சொட்டு, மூன்று சொட்டு டைல்ஸில் விழும். பாவாத்தாள் தினமும் துடைத்தாள். ஒருநாள், "ஊருக்கெல்லாம் சொட்டு எண்ணி எண்ணித் தண்ணி உடறீங்க, ஊட்டு வாசல்ல ஒரு சொட்ட நிறுத்த முடியலீங்களா உங்களால?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் பையில் எப்போதும் எண்ட் கேப் கிடக்கும். எட்டு எண்போல இருக்கும் பிளாஸ்டிக் வளையம். தோட்டத்தில் குழாய் வரிசை முடிகிற இடத்தில், குழாயை மடக்கி அதில் நுழைத்துவிட்டால் அதற்கப்புறம் ஒரு சொட்டு போகாது. ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறேன். இந்தக் குழாயையும் மடக்கி, ஒன்றை மாட்டிவிட்டேன். ஒரு நிமிஷ வேலை. சொட்டு நின்றது. பாவாத்தாளுக்கும் சந்தோஷம். அதன் பிறகு அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் தொழிலில், ஒழுகுகிற குழாய் என்றால் கடைசியை அடைக்க வேண்டும். அது மூச்சுவிடுகிற குழாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வாசலுக்குப் போனேன். வளையத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாவாத்தாள் வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வளையத்தைக் கழற்றி, குழாயை நிமிர்த்தி, பிளக்கைத் துடைத்துப் போட்டு ஓட்டினேன். முதல் நாலு கிலோமீட்டருக்குப் புகை. ஆறாவது கிலோமீட்டரில் கண்ணாடியில் ரோடு தெரிந்தது. பின்னால் வந்த பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்க முடிந்தது. திரும்பி வந்து மறுபடி கிளப்பினேன், மறுபடி ஓட்டினேன். இல்லை மச்சான், புகை இல்லவே இல்லை. மெக்கானிக்கை வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

நான் சொன்ன வார்த்தை தப்பு. உங்களிடம் ஆயிரம் தடவை சொல்வேன். ஆனால் சூலூரில் போய்ச் சொல்வதை நினைத்தால் கால் வரவில்லை. நாளைக்கு என் பெண் வாழப்போகும் வீடு. "ஒரு குழாய அடைக்கத் தெரியாம அடைச்சுட்டு மச்சான் மேல பழி போட்டவரு" என்று காலம் முழுக்கச் சொல்லிக் காட்டினால்? கல்யாணம் முடிந்த பிறகு சொல்லட்டுமா? யோசித்து எழுதுங்கள்.

அன்புமணி


சிங்காநல்லூர்
7 ஜூலை 2025

மாப்பிள்ளை,

உங்கள் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. படித்ததும் கடையில் சத்தம் போட்டுச் சிரித்தேன். வாடிக்கையாளர் ஒருவர் பயந்துபோய் வெளியே போய்விட்டார். சாஜித் அந்த எட்டு வடிவ வளையத்தைப் பார்க்க வேண்டும் என்கிறான். நெஞ்சில் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்த மூட்டை இறங்கியது. எஞ்சின் நல்ல எஞ்சின், நான் பொய் சொல்லவில்லை.

சனி ராத்திரி அப்படித்தான் நினைத்துக்கொண்டு படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய், விற்கப்போகிற வண்டி ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இதை எழுதாமல் விட்டால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

உங்களுக்கு வண்டியைக் கொடுத்த அன்று காலை அந்தக் குழாயைத் துடைத்தது நான். உள்ளே துணியைத் திருகிவிட்டுத் துடைத்து, செயினையும் துடைத்து, நீங்கள் வந்து பார்த்துப் போகும்வரை ஒரு சொட்டும் விழாதபடி பார்த்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் அது பழக்கம். எண்ணெய் சொட்டினால் வாங்குகிறவர் முகம் மாறும். அது சொட்டத்தான் வேண்டும் என்று பாடம் நடத்தினால், கதை விடுகிறான் என்பார். அதனால் துடைத்துவிடுவோம், வாயைத் திறக்கமாட்டோம். உங்களிடம் நான் விற்கவில்லை, வாங்கின விலைக்குத்தான் கொடுத்தேன். ஆனாலும் கை பழக்கத்தில் துடைத்துவிட்டது. "இந்தக் குழாயில் சொட்டும் மாப்பிள்ளை, அதைத் தொடாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீங்கள் டைல்ஸுக்கு ஒரு சாக்கை விரித்துவிட்டுப் போயிருப்பீர்கள்.

ஏமாற்றினேன் என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரியில்லை, முழுக்கத் தப்பும் இல்லை. ஆகையால் நீங்கள் சூலூர் போக வேண்டாம். யாரிடமும் தலை குனிய வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். நான் கேட்டதை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆடிக்கு முன்னால் எப்போது வந்து பத்திரிகை வைத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

பட்டு எடுக்கக் கயலை எப்போது அனுப்புவீர்கள் என்று எழுதுங்கள். என்ன நிறம் என்பதை அவளே முடிவு செய்யட்டும். பாவாத்தாளும் வரலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது.

ஐயாசாமி


அன்னூர்
9 ஜூலை 2025

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. நான் சூலூர் போய்வந்தது நேற்று.

ஒருநாள் முன்னால் போட்டிருக்கக் கூடாதா மச்சான்!

என்ன நடந்தது என்றால், உங்களுக்கு எழுதிப் போட்ட பிறகு நான்கு நாளாக யாரோடும் சரியாகப் பேச முடியவில்லை. பீரோவைத் திறந்தால் பத்திரிகைக் கட்டு. செவ்வாய்க்கிழமை காலையில் பாவாத்தாளிடம்கூடச் சொல்லாமல் வண்டியை எடுத்துவிட்டேன். சூலூர் வரைக்கும் ஒரே ஓட்டமாகப் போனேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர்களுடைய தறிக் கூடத்தில் சத்தமாக இருந்தது. கதிரின் பெரியப்பாவை வெளியே கூப்பிட்டு, மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய், "வண்டில கொறை இல்லீங்க, எங்கிட்டத்தான் கொறை. மச்சான் மேல பழி போட்டது தப்புங்க" என்று கொட்டிவிட்டேன். அந்த எட்டு வடிவ வளையத்தையும் எடுத்துக் காட்டினேன்.

அவர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தறியை நிறுத்தச் சொல்லி, கதிரையும் அவன் அப்பாவையும் கூப்பிட்டார். பிறகு அவர் சொன்னார்: "சம்பந்தி, நானு போன வருசம் புது கம்ப்ரசர் வாங்குனப்ப, ஒரு ஓட்டைல காத்து புசுபுசுன்னு வருதுன்னு ஆணி அடிச்சு அடைச்சவனுங்க. அது வெடிச்சுச் செவுரே போச்சு. உங்குளுது புகையோட போச்சே, சந்தோசப்படுங்க." கதிர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அந்த ஆணியைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசக் கூடாதாம். இப்போது அவர்களுடைய ரகசியம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இனிமேல் யாரும் என்னைச் சொல்லிக் காட்ட முடியாது.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். கிளம்பும்போது மொத்தக் குடும்பமும் வாசலுக்கு வந்து நின்று சைலன்சரையே பார்த்தது. உதைத்தேன். ஒன்றும் வரவில்லை. பெரியப்பா கை தட்டினார்.

நீங்கள் குழாயைத் துடைத்த கதையை இப்போது படித்ததும், நான் மட்டும் அவசரப்பட்டுப் போய் நின்றுவிட்டேனே என்று ஒரு கணம் கோபம் வந்தது. பாவாத்தாளிடம் கடிதத்தைக் கொடுத்தேன். "ரெண்டு பேர்ல ஒருத்தராச்சு மொதல்லயே வாயத் தொறந்திருந்தா எனக்கு ஒரு மாசம் தூக்கம் மிச்சமாயிருக்கும்" என்றாள். கோபம் போய்விட்டது. ஆனாலும் சொல்கிறேன், உங்கள் பங்கை நீங்களேதான் சூலூர்க்காரர்களிடம் சொல்ல வேண்டும். அதை நான் சொல்லமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாவாத்தாளும் நானும் கயலும் பத்திரிகையோடு வருகிறோம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் பாவாத்தாள் எடுத்து வைத்துவிட்டாள். அப்படியே பட்டும் எடுத்துவிடலாம் என்கிறாள் கயல். மயில் கழுத்து நிறமாம்.

சமையல்காரர் கணக்குக் கேட்கிறார். மாமன் சீரோடு எத்தனை பேர் வருவீர்கள்?

அன்புமணி


சிங்காநல்லூர்
11 ஜூலை 2025

மாப்பிள்ளை,

அறுபது பேர். எழுபதுக்குச் சமைக்கச் சொல்லுங்கள்.

பந்தியில் கதிரின் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் போடுங்கள். குழாய்க் கதையை நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன். இந்தத் தடவை கடைசிவரை உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

ஐயாசாமி